ரெகார்டுல ஒரு கோடு போட்டு அடிச்சா என்ன தப்பு மேடம்?

மதிப்பிற்குரிய பிரின்சிபல் மேடத்துக்கும் பத்தாவது சயின்ஸ் மிஸ்ஸுக்கும்,

வணக்கம். எழுதறது யாருன்னு உங்களுக்கே தெரியும், போன வாரம் ஆபீஸ் வாசல்ல நின்னு பேச வந்து "ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா"ன்னு திருப்பி அனுப்பப்பட்ட அதே அம்மாதான். கிளாஸ் வாட்ஸாப் க்ரூப்ல பாதி பேர் இந்த ரெகார்டு ரீரைட் பத்தியேதான் புலம்பிட்டிருக்காங்க, உங்ககிட்ட சொல்லத்தான் பயம்.

என் பொண்ணு சயின்ஸ் ரெகார்டுல இதயம் படத்துல வலது இடதுன்னு மாத்தி எழுதிட்டா. எழுதி முடிச்சு பாத்துட்டு, உடம்பு முழுக்க ரத்தத்த தள்ளற இடது வெண்ட்ரிக்கிளுக்குத்தானே (கீழறை) சுவர் தடிமனா இருக்கணும், அப்போ நான் எழுதினது தப்புன்னு அவளே கண்டுபிடிச்சு ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல சரியா எழுதினா. என்னைக் கேட்டா அந்த எடத்துலதான் அவ பாடத்தையே படிச்சிருக்கா. அதுக்கு செகப்பு இங்க்ல கெடச்சது "அடித்தல் திருத்தல், ரீரைட்".

ரீரைட்னா ஒரு பக்கம் இல்லயே மேடம். பைண்டிங் நோட்டு, ஒரு தாள கிழிச்சா அதோட ஜோடி தாளும் கழண்டு வந்துடும், ஒயிட்னர் கூடாது, மேல பேப்பர் ஒட்டக்கூடாது, அப்போ புது ரெகார்ட் வாங்கி (அதுவும் எம்ப்ளம் போட்டது, ஸ்கூல் ஸ்டோர்ல மட்டும்தான்) மொத எக்ஸ்பெரிமென்ட்லேந்து அத்தனையும் திரும்ப எழுதி அத்தனைக்கும் திரும்ப சைன் வாங்கணும். எல்லாரும் தூங்கினப்புறம் ஹால்ல லைட்ட போட்டுட்டு உக்காந்திருக்கா, பென்சில அழுத்தவே பயம், வரைஞ்ச கோடு கண்ணுக்கே தெரியல. அதையும் அழிச்சு அழிச்சு அயோர்ட்டா (பெருந்தமனி) கிட்ட பேப்பர் ஓட்டையாயிடுச்சு. "இதுவும் போச்சாம்மா"ன்னு கேட்டா பாருங்க, எனக்கு பதில் வரல.

நான் ஆலத்தூர் பக்கம் ஒரு மருந்து கம்பெனில மருந்தோட தரத்த சோதிக்கற க்யூசி லேப்ல வேலை பாக்கறேன். எங்க ரெகார்டுல அழிக்கறதுதான் குத்தம். தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு, பழசு படிக்கற மாதிரியே இருக்கணும், பக்கத்துல சரியானது, இனிஷியல், தேதி. ஒயிட்னர் போட்டா ஆடிட்ல மாட்டிக்குவோம். சயின்ஸ்ல அதுதான் முறை, அத தானா பண்ணின பொண்ணுக்கு நீங்க தண்டனை குடுக்கறீங்க.

நீட்டா எழுத சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. ஆனா தப்பே வரக்கூடாதுன்னு சொன்னா பிள்ளைங்க நல்லா எழுதறதில்ல, எழுதாமயே விட்டுடறாங்க. போன டெஸ்ட்ல தெரிஞ்ச படத்தையே வரையாம வந்திருக்கா, கேட்டா அழகா வராதோன்னு பயமா இருந்துச்சாம். கர்ரன், ஹில்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் காலேஜ் பசங்க 41,000 பேருக்கு மேல, 1989லேந்து 2016 வரைக்கும் உள்ள தகவல வெச்சு, எல்லாமே குறையில்லாம இருக்கணும்ங்கற மனப்போக்கு எப்படி மாறியிருக்குன்னு பாத்தாங்க, அடுத்தவங்க நம்மகிட்ட குறையே இல்லாம எதிர்பாக்கறாங்கங்கற எண்ணம்தான் அதுல ரொம்ப ஏறியிருக்கு. அங்கயே அப்படின்னா, சென்டம் சென்டம்னு உருகற நம்ம ஊர்ல கேக்கணுமா?

பத்தாவது பன்னெண்டாவதுல ஸ்டேட் ரேங்க் அறிவிக்கறத அரசாங்கமே 2017ல நிறுத்திடுச்சு, நம்ம கேட்ல மட்டும் வருஷா வருஷம் பேனர் நிக்குது, 99 வாங்கினவன பாத்து அந்த ஒரு மார்க் எங்கடா போச்சுன்னு கேக்கறதும் நிக்கல. அந்த பேனர்லயே போன வருஷம் ஒரு பிள்ளை பேர்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக், நீங்க என்ன மொத்த பேனரையும் ரீரைட்டா பண்ணீங்க, மேல ஸ்டிக்கர்தானே ஒட்டினீங்க? ஸ்டிக்கர் உங்களுக்கு மட்டும் அலவ்டா?

சரி, விஷயத்துக்கு வரேன். உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், தப்பு வந்தா ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல சரியா எழுத பிள்ளைங்கள விடுங்க. அதுக்கு மார்க் கொறைக்காதீங்க, முழு ரெகார்டையும் திரும்ப எழுத சொல்லாதீங்க. அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்ல இத எல்லார் முன்னாடியும் சொன்னீங்கன்னா மத்த அம்மாக்களும் நிம்மதியா தூங்குவாங்க.

திங்கக்கிழமை அவ பழைய ரெகார்டையேதான் கொண்டு வருவா. அடிச்ச எடத்துக்கு பக்கத்துல ஒரு இனிஷியல் போட்டு வாங்கிக்க சொல்லி மிஸ்கிட்ட தயவுசெஞ்சு சொல்லுங்க மேடம்.

இப்படிக்கு,
பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணோட அம்மா,
மடிப்பாக்கம், சென்னை