ஆண்டறிக்கை 2024–25 (தோல்விக் கதைகள் உட்பட)

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், சமோசா வாசம் பிடித்துக் கூடவே வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் வட்டாரத்துக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களான நம் சங்கத்தின் 2024 ஜூன் முதல் 2025 மே வரையிலான அறிக்கையை வாசிக்கிறேன். போன வருட அறிக்கை நீளம் என்று புகார் வந்தது. இது அதைவிட நீளம். காரணம் ஏப்ரல் 7-ஆம் தேதி. அதற்கு வருகிறேன்.

நிர்வாகக் குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் (கோரம்) இல்லாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். புதிதாக நான்கு குடும்பங்கள் சேர்ந்தன, ஒரு குடும்பம் வேலை மாற்றலாகி டெக்சாசுக்குப் போனது. இப்போது மொத்தம் 38 குடும்பங்கள். நிறவாரிக் கணக்கைத் தலைவர் கேட்டிருந்தார்: சாப்பல் ஹில் வெளிர் நீலம் 17, டியூக் அடர் நீலம் 11, என்.சி. ஸ்டேட் சிவப்பு 9, கென்டக்கி 1. ஒரே வீட்டில் இரண்டு நிறம் இருந்தால் சந்தா கட்டியவர் நிறத்தில் சேர்த்திருக்கிறேன். இதில் ஆட்சேபம் உள்ளவர்கள் முதலில் வீட்டில் பேசித் தீர்த்துக்கொண்டு வரவும்.

ஆட்டப் பருவம்

சிவப்புக்காரர்கள் பற்றி ஒரு வரியில் முடித்துவிடலாம். 2024 மார்ச்சில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று ஏ.சி.சி. (நம் மூன்று அணிகளும் ஆடும் லீக்) கோப்பையைத் தூக்கி, தேசியப் போட்டியில் 11-ஆம் தரவரிசையில் (1 உச்சம், 16 கடைசி) இருந்து ஃபைனல் ஃபோர், அதாவது அரை இறுதி வரை போன அணி, இந்த வருடம் ஏ.சி.சி. போட்டிக்கே தகுதி பெறவில்லை. 18 அணிகளில் 15-க்கு இடம் உண்டு. அந்தப் பதினைந்தில் நாம் இல்லை. கோச் மாறிவிட்டார். வெளிர் நீலம் கடைசிப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பஸ் ஏறியது போல தேசியப் போட்டியின் வாசல்படியான, டேட்டனில் நடக்கும் முதல் நால்வர் சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று புரட்டிப் போட்டுவிட்டு, மில்வாக்கியில் ஓல் மிஸ்ஸிடம் 71-64 என்று தோற்றது. ஆக, மார்ச் கடைசி வாரத்தில் வட்டாரத்தின் பெயரைச் சொல்ல டியூக் மட்டும்தான் மிச்சம்.

டியூக்கின் கூப்பர் ஃபிளாக் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, இந்தக் கோப்பை டியூக்குக்குத்தான் என்று நம் அடர் நீல உறுப்பினர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். இறுதி ஆட்டத்தன்று பார்க்க ஒரு சமூகக் கூடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் வந்தது. டியூக் ஜெயிப்பதைப் பார்க்க நாங்கள் ஏன் சந்தா கட்ட வேண்டும் என்று வெளிர் நீலத்தார் இருவர் கேட்டது மினிட்டில் எழுதப்பட்டிருக்கிறது. முன்பணம் 240 டாலர், திரும்பக் கிடைக்காது.

ஏப்ரல் 5, சனிக்கிழமை, சான் ஆன்டோனியோ, அரை இறுதி, எதிரே ஹூஸ்டன். எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது டியூக் 14 புள்ளி முன்னால். அரை நிமிடம்தான் மிச்சம் என்னும்போதும் ஆறு புள்ளி முன்னால். ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் ஒரு மூன்று புள்ளி போட்டார். அடுத்து டியூக் பந்தை உள்ளே போடும்போதே ஹூஸ்டன் பறித்தது, அது டக்லரின் டங்க்கில் (பந்தை வளையத்துக்குள் கையாலேயே திணிப்பது) போய் முடிந்தது. டியூக்கின் பிராக்டரின் ஃப்ரீ த்ரோ தவறியது. திரும்பி வந்த பந்துக்கான போட்டியில் ஃபிளாக் ஃபவுல் செய்தார். ஹூஸ்டனின் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார். ஃபிளாக்கின் கடைசி வீச்சு விழவில்லை. 70-67. அன்று பொருளாளர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேரில் யாரும் டி.வி.யை அணைக்க எழுந்திருக்கவில்லை. ஒரு கார் விளம்பரம் நான்கு முறை ஓடியது என்று பொருளாளரின் மனைவி சொன்னார்.

அப்புறம் கூடம்? காசு கட்டியாயிற்று. கொடுத்த பணத்துக்கு உட்கார்ந்து அழவாவது செய்வோம் என்று துணைத்தலைவர் சொன்னதை எல்லாரும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். அதுவே நிகழ்ச்சி நிரல் ஆகிவிட்டது.

ஏப்ரல் 7, மாலை

இறுதி ஆட்டம் ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கும். ஆறு மணிக்கே கூடி, அவரவர் நெஞ்சில் தைத்த தோல்வியை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வது என்று ஏற்பாடு. விதிகள் இரண்டு. தன் அணி தோற்றதை மட்டுமே சொல்லலாம், அடுத்தவன் தோற்றதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது. ரெஃபரியைத் திட்ட ஒரு நிமிடம், அதற்கு மேல் மணி அடிக்கப்படும். வருகைப் பதிவேட்டில் 61 கையெழுத்து. கரோலினா (சாப்பல் ஹில் வெளிர் நீலம்தான்) கோப்பை வென்ற 2017 இறுதி ஆட்ட இரவில்கூட நாற்பது பேர்தான் வந்தார்கள்.

முதலில் நம் ஒற்றைக் கென்டக்கி உறுப்பினர். வயதில் மூத்தவர், 1992-இல் கென்டக்கி ஊரான லெக்சிங்டனில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தவர். மேசையில் இருந்த டம்ளர்களை இழுத்து வரிசையாக வைத்தார். இது டியூக்கின் கிராண்ட் ஹில். இது லேட்னர். இந்த இரண்டும் நம்ம பசங்க, பெல்ஃப்ரியும் ஃபெல்டாஸும். பந்துக்கு எலுமிச்சை ஊறுகாய் மூடி. பிலடெல்பியா, ஓவர்டைம், ஷான் வுட்ஸ் போர்டில் அடித்துப் போட்டதில் கென்டக்கி 103-102 என்று முன்னால், மிச்சம் 2.1 விநாடி.

“பாருங்க, இந்த டம்ளர் முன்னால யாருமே இல்ல,” என்றார், கிராண்ட் ஹில் டம்ளரைத் தட்டி. பந்தை உள்ளே எறிகிறவனை மறிக்க கென்டக்கி கோச் பிட்டினோ ஆள் போடவில்லை. ஆடுகளத்தின் முக்கால் நீளத்துக்குப் பந்து பறந்து வந்தது. லேட்னர் பிடித்தார், ஒரு தட்டுத் தட்டினார், திரும்பினார், போட்டார். 104-103. பெல்ஃப்ரியும் ஃபெல்டாஸும் ஃபவுல் ஆகிவிடுமோ என்று பயந்து கையை ஒதுக்கிக்கொண்டதைக் காட்ட இரண்டு டம்ளரையும் மெல்ல விலக்கினார். லேட்னர் அன்று அடித்த 10 வீச்சும் 10 ஃப்ரீ த்ரோவும் ஒன்றுகூடத் தவறவில்லை. கென்டக்கி தடை வாங்கி இரண்டு வருடம் போட்டிப் பக்கமே வர முடியாமல் கிடந்தபோதும் வேறு கல்லூரிக்கு ஓடாமல் இருந்த பையன்கள் அவர்கள் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது. டியூக் ஆட்கள் பதினொரு குடும்பமும் விதியை மதித்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.

அடுத்து அவர்கள் முறை. 2012-இல் 15-ஆம் தரவரிசை லீஹையிடம் 75-70, அதுவும் பக்கத்து ஊரான கிரீன்ஸ்பரோவில். 2014-இல் மெர்சரிடம் 78-71, இங்கேயே, ராலேயில். நம் உறுப்பினர் ஒருவர் கல்யாணமாகி வந்த புதிதில் மனைவியை முதன்முதலாக ஒரு ஆட்டத்துக்குக் கூட்டிப்போனது அந்த மெர்சர் ஆட்டத்துக்குத்தான். முதல் சுற்றுதானே, சுலபமாக ஜெயிப்போம், ஆட்டம் பிடித்துப்போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஆட்டம் பிடித்துத்தான் போனது. ஆனால் அன்று முதல் அவர் கரோலினா கட்சி. நிறவாரிக் கணக்கில் தகராறு வந்த குடும்பம் இதுதான்.

2022-ஐ அவர்கள் தொடவே வேண்டாம் என்றார்கள். 42 பருவம் டியூக்கை நடத்திய கோச் கே-யின் கடைசி ஆட்டம்; டியூக்கும் கரோலினாவும் தேசியப் போட்டியில் மோதியதே அதுதான் முதல் தடவை; டியூக்கின் மார்க் வில்லியம்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, கரோலினாவின் கேலப் லவ் அந்த மூன்று புள்ளியைப் போட, 81-77. வெளிர் நீலப் பக்கம் யாரோ லேசாக இருமினார்கள். மணி அடித்தேன். உடனே எழுந்தது வெளிர் நீலத்து அக்கா ஒருவர்தான்: அடுத்த இரண்டாவது நாளே கான்சசிடம் பாதி ஆட்டத்தில் 40-25 என்று முன்னால் இருந்துவிட்டு 72-69 என்று தோற்றோமே, இறுதி ஆட்டத்தின் பாதியில் இத்தனை புள்ளி முன்னால் இருந்து வேறு யாரும் கோட்டை விட்டதில்லையே, அது போதாதா உங்களுக்கு என்று கேட்டார். போதும் என்று டியூக் தரப்பு ஒப்புக்கொண்டது.

2016 வந்தபோது நேரமாகிவிட்டிருந்தது, இருந்தாலும் விட முடியுமா? இறுதி ஆட்டம், ஹூஸ்டன் நகரம், எதிரே வில்லனோவா. ஐந்தரை நிமிடம் இருக்கும்போது கரோலினா பத்து புள்ளி பின்னால். அங்கிருந்து ஏறி வந்து, மார்க்கஸ் பெய்ஜ் காற்றில் காலை உதறிக்கொண்டே போட்ட மூன்று புள்ளியில் 74-74. மிச்சம் 4.7 விநாடி. 4.7 விநாடி எவ்வளவு என்று தெரியுமா என்று கேட்டு, சொன்னவர் கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓட விட்டார். கூடம் முழுக்க அமைதி. கேட்கும்போது ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது. ஓட விட்டுப் பார்த்தால் நிறைய நேரம். பொருளாளர் ஒரு சமோசாவை முழுதாக முடித்தார். அந்த நேரத்தில்தான் வில்லனோவாவின் ஆர்ச்சிடியாக்கனோ பந்தைத் தட்டிக்கொண்டே வந்து பின்னால் வந்த கிரிஸ் ஜென்கின்ஸுக்குத் தள்ளிவிட, 77-74. ஜென்கின்ஸ் வளர்ந்தது கரோலினா வீரர் நேட் பிரிட்டின் வீட்டில். அண்ணன் தம்பி போல.

இதைச் சொன்னவர் அந்த வீச்சை இன்றுவரை பார்த்ததில்லை. பெய்ஜ் போட்டதும் பக்கத்து ஃபிளாட்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்திருக்கிறார், முதுகு டி.வி. பக்கம். திரும்புவதற்குள் திரையில் வண்ணக் காகிதம் கொட்டிக்கொண்டிருந்தது. எங்காவது அந்தக் காட்சி வந்தால் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாராம். அவர் மனைவியும் எழுந்து அதை உறுதி செய்தார்.

வர்ஜீனியாவில் படித்த விருந்தினர் ஒருவர் 2018-இல் சார்லட்டில் 16-ஆம் தரவரிசை யூ.எம்.பி.சி.யிடம் 74-54 வாங்கியதைச் சொன்னார். அடுத்த வருடமே கோப்பையை வென்றுவிட்ட கட்சிக்கு அனுதாபம் கிடையாது என்று சபை முடிவு செய்தது. அது நியாயமில்லை என்பது என் சொந்தக் கருத்து.

பிறகு நம் ஸ்டேட் உறுப்பினரின் மகள், இப்போது அங்கேயே படிக்கிறாள், எழுந்து, இவ்வளவு நேரம் பேசினீர்களே, எல்லாம் ஆண்கள் ஆட்டம்தானா அங்கிள் என்றாள். பதில் இல்லை. 2022 மகளிர் போட்டியில் என்.சி. ஸ்டேட் முதல் தரவரிசை அணி. கால் இறுதியை எங்கே ஆட வைத்தார்கள்? கனெக்டிகட் மாநிலம், பிரிட்ஜ்போர்ட்டில். எதிரி யார்? யூகான், அதே மாநிலத்து அணி. முதல் தரவரிசை வாங்கியதற்கு எதிரியின் வாசலில் போய் ஆட வேண்டும். ஜகாயா பிரவுன்-டர்னர் மூலையில் இருந்து போட்ட மூன்று புள்ளியில் இரண்டாவது ஓவர்டைம் வரை போய், 91-87 என்று தோற்றார்கள். ரெஃபரியைத் திட்ட ஒரு நிமிடம் உண்டு என்று நினைவூட்டினேன். ரெஃபரி மேல் எனக்குக் கோபமில்லை, இடம் ஒதுக்கியவர்கள் மேல்தான், அதற்கு எத்தனை நிமிடம் என்றாள். அன்று மாலை மணி அடிக்கப்படாமல் நீண்ட ஒரே பேச்சு அதுதான்.

இறுதி ஆட்டம்

கூடத்தில் இணையம் வழியாகத்தான் ஒளிபரப்பு. திரை நிஜ ஆட்டத்தைவிட அரை நிமிடம் பின்தங்கி ஓடியது. இதை முன்கூட்டியே சோதிக்காதது செயலாளர் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஒரு உறுப்பினரின் மச்சினர் ஹூஸ்டனில் இருந்து வந்திருந்தார். சனிக்கிழமை துள்ளியவர், திங்கட்கிழமை ஹூஸ்டனின் சிவப்புச் சட்டை போட்டு முன் வரிசையில். ஹூஸ்டன் இரண்டாம் பாதியில் 12 புள்ளி முன்னால் போனது. ஃப்ளோரிடா எட்டிப் பிடித்து 65-63. கடைசிப் பந்து ஹூஸ்டன் கையில்.

திரையில் பத்து விநாடிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே பின் வரிசையில் ஒரு கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவர் சத்தமே போடவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, மச்சினருக்குத் தவிர. திரையில் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்பினார், ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் மேலே பாய, போடாமல் பந்தைக் கீழே விட்டார். தானே எடுத்தால் டிராவல் என்ற தவறு ஆகிவிடும். எடுக்காமல் நின்றார். பந்து துள்ளிக்கொண்டே இருந்தது, நேரம் முடிந்தது. ஒரு வீச்சுகூட இல்லாமல். சனிக்கிழமை டியூக்கைக் கவிழ்த்த அதே கை.

கென்டக்கிக்காரர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மச்சினர் முன்னால் ஒரு தட்டை நகர்த்தி வைத்தார். நம் கூட்டங்களில் எப்போதும் முதலில் போடும் 1983 இறுதி ஆட்டக் காட்சி, விட்டன்பர்க் அடித்தது குறைந்து போக லொரென்ஸோ சார்லஸ் அதைப் பிடித்து டங்க் செய்து ஸ்டேட் 54-52 என்று வென்றதே, அதில் தோற்றது யார் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அன்றும் ஹூஸ்டன். இன்றுவரை அவர்களுக்குக் கோப்பை இல்லை. அந்த மனிதர் விருந்தினராக இருந்ததால், மாலையில் அந்தக் காட்சியைப் போட்டதற்கு சிவப்புத் தரப்பு தனியாக வருத்தம் தெரிவித்தது.

கணக்கு

சந்தா வரவு 1,140 டாலர், ஒரு குடும்பத்துக்கு 30 வீதம், பாக்கி இல்லை. சென்ற ஆண்டு இருப்பு 212. செலவு: கூடம் 240, சிற்றுண்டி 486, புரொஜெக்டர் வாடகை 95, பேப்பர் தட்டு வகையறா 61. கையிருப்பு 470. சமோசா செலவு பற்றிப் பொருளாளர் தனியாக விளக்குவார்.

பொதுக்குழு முன் இரண்டு தீர்மானங்கள். இறுதி ஆட்ட நாளில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் ஆறு மணிக்கே கூடுவது. கூடத்துக்குள் வரும்போது கைபேசிகளைக் கதவருகே ஒரு கூடையில் போட்டுவிடுவது. இரண்டாவதற்கு இப்போதே எதிர்ப்புக் கடிதம் வந்திருக்கிறது, ஆன்-கால் வேலையில் இருக்கும் உறுப்பினரிடமிருந்து.

கூடத்தைத் துடைத்துக் கொடுத்த நான்கு பேருக்கும், ஊறுகாய் மூடியைத் தேடிக் கண்டுபிடித்த சிறுவனுக்கும் நன்றி. 25 அடி எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று என்னிடம் இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை, கிளம்பும்போது வாங்கிக்கொள்ளவும். அறிக்கையை ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்