அஸோத்

கண்ணு,

உன் ஆய்வகத்துத் தொட்டியில் 'அஸோத்' என்று எழுதியிருக்கிற போட்டோவை அனுப்பி, நைட்ரஜனுக்கு ஏம்ப்பா இங்கே இப்படி ஒரு பெயர் என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா!

கிரேக்கத்தில் 'ஸோயே' என்றால் உயிர். முன்னால் 'அ' வந்தால் இல்லை என்றாகிவிடும், நாம் நீதி, அநீதி என்கிறோமே அப்படி. 1772-ல் ரூதர்ஃபோர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் மூடிய கலத்தில் எலி மூச்சுவிட்டு முடித்த காற்றை எடுத்து, அதிலிருந்த கரியமில வாயுவையும் நீக்கிப் பார்த்தார். மிஞ்சியதில் மெழுகுவத்தியும் எரியவில்லை, உயிரும் தங்கவில்லை. அதனால்தான் 1787-ல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரின் கூட்டம் அதற்கு அஸோத், உயிரற்றது, என்று பெயர் வைத்தது. ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயருக்கும் மூச்சை முட்டவைக்கிற பொருள் என்றுதான் அர்த்தம். 1790-ல் ஷப்தால் என்பவர், மூச்சை முட்டவைக்கிற வாயு இது ஒன்றுதானா என்று கேட்டு, வெடியுப்பைப் பிறப்பிப்பது என்ற பொருளில் நைட்ரஜன் என்றார். அவரும் பிரெஞ்சுக்காரர்தான், ஆனால் அந்தப் பெயர் பல ஊர்களில் பரவியும் அவர் நாடான பிரான்சில் எடுபடவில்லை!

நம் வயலில் அதற்குப் பெயர் தழைச்சத்து. அது குறைந்தால் நெல்லில் அடியிலை முதலில் மஞ்சளாகும், உனக்கே தெரியும். நாற்றின் வேரை நனைத்து நடுவோமே அசோஸ்பைரில்லம், அதிலிருக்கிற 'அசோ' இந்த அஸோத்திலிருந்து வந்ததுதான். பயிரை வளர்க்கிற பாக்டீரியாவின் பெயரிலேயே உயிரில்லை என்று எழுதியிருக்கிறது, பாரேன். (அசோலா என்ற நீர்ப் பெரணியையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பசங்களிடம் ஒருமுறை உளறியிருக்கிறேன். அது வேறு, காய்ந்தால் செத்துப்போகும் என்று அர்த்தம்.)

லவாய்சியர் தப்பாகப் பெயர் வைத்துவிட்டார் என்று நான் வகுப்பில் சிரிப்பதுண்டு, ஆனால் உன் போட்டோவைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அந்தத் தொட்டியில் இருப்பது மைனஸ் 196 டிகிரியில் திரவம். ஒரு லிட்டர் கொட்டினால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகி, அறையிலிருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும். வாசனை கிடையாது, மூச்சுத் திணறுகிற மாதிரிகூடத் தெரியாது, அப்படியே மயங்கி விழவேண்டியதுதான். அங்கே ஆக்சிஜன் அலாரம் வேலை செய்கிறதா? கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஊற்றாதே. லிஃப்டில் அந்தக் குடுவையோடு ஏறாதே, அதை மட்டும் அனுப்பிவிட்டு நீ படியில் போ. அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

அப்பா