மகளுக்கு, அந்த உண்டியல் பத்தி

கண்ணு, சாப்டியா. அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல. மூணு வாரமா நீ அம்மாகிட்ட பேசிட்டு அப்படியே போன வச்சிடற, வேலை ஜாஸ்தின்னு நெனச்சுக்கிட்டேன்.

பக்கத்து வீட்டு தம்பி வேலைய விட்டதும் பிஎஃப் மொத்தத்தையும் எடுத்துட்டானாம். 8.25 வட்டி வர்ற பணம், அஞ்சு வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வேற. பொதுவா சொல்றேன், உன்ன சொல்லல. நம்ம சொந்தத்துல உன்ன மாதிரி சம்பாதிக்கற புள்ள யாரு இருக்கா, ஆனா சம்பளம் வந்த அன்னிக்கே பெட்டி பெட்டியா ஆர்டர் வருதுன்னு அம்மா சொல்றா. பிஎஃப்ல மட்டும் கை வைக்காத கண்ணு, அது பாட்டுக்கு கெடக்கட்டும்.

ஸ்கூல்ல ஒவ்வொரு பேரன்ட்ஸ் மீட்டிங்லயும் மார்ஷ்மெல்லோ மிட்டாய் கதை சொல்லுவேனே, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில வால்டர் மிஷல்னு ஒரு மனோதத்துவ நிபுணர் 1960கள்ல சின்னப் புள்ளைங்க முன்னாடி ஒரு மிட்டாய வச்சு, திங்காம இருந்தா இன்னொண்ணு தர்றேன்னாரு, பொறுத்த புள்ளைங்கதான் பின்னாடி நல்லா வந்தாங்கன்னு. உன்னப் பாத்துதான் அதிகம் சொல்லிருக்கேன்.

போன வாரம் இன்னொண்ணு படிச்சேன். அங்கயே ராச்செஸ்டர் யுனிவர்சிட்டில செலஸ்ட் கிட்னு ஒரு அம்மா 2013ல வெளியிட்ட ஆராய்ச்சி. மொத்தம் 28 புள்ளைங்க. மிட்டாய்க்கு முன்னாடியே, நல்ல கலர் பென்சில் கொண்டு வர்றேன் இருன்னு சொல்லிட்டுப் போறாங்க, பாதி பேருக்கு கொண்டு வந்தாங்க, பாதி பேருக்கு இல்லன்னு கைய விரிச்சுட்டாங்க. அப்புறம் மிட்டாய் வச்சா, ஏமாந்த புள்ளைங்க சராசரியா 3 நிமிஷம்தான் தாங்குச்சு, மத்தது 12 நிமிஷம். 15 நிமிஷமும் பொறுத்தது பென்சில் கெடைச்ச பக்கம் 14ல 9, ஏமாந்த பக்கம் 14ல ஒண்ணே ஒண்ணு. பொறுமை இல்லாம இல்ல கண்ணு, சொன்னவங்க மேல நம்பிக்கை போயிருச்சு.

அதுலருந்து எனக்கு தூக்கமே சரியில்ல. நீ நாலாவது படிக்கறப்ப மண் உண்டியல்ல சிவப்பு ஸ்கெட்ச்ல 'சைக்கிள்'னு எழுதி வச்சிருந்தியே, சீட்டு கட்ட பணம் பத்தலன்னு நீ தூங்குனப்புறம் சத்தம் வராம துண்டுல சுத்தி நாந்தான் உடைச்சேன். 1,340 ரூபாய். காலைல நீ உடைஞ்ச சில்லையெல்லாம் பொறுக்கிட்டு வந்து, 'சைக்' ஒரு சில்லுலயும் 'கிள்' ஒரு சில்லுலயுமா திண்ணைல சேத்து வச்சுப் பாத்த. தீபாவளிக்கு வாங்கித் தர்றேன்னேன், அப்புறம் பொங்கலுக்குன்னேன். நீ எட்டாவது போறவரைக்கும் சொல்லிட்டே இருந்தேன், நீ அதுக்கு ரொம்ப முன்னாடியே கேக்கறத விட்டுட்ட. அதுக்கப்புறம் அஞ்சு ரூபா கெடைச்சாலும் அன்னிக்கே தேன்மிட்டாய் வாங்கிருவ, நானும் வர்ற சொந்தக்காரங்ககிட்டல்லாம் இவ கையில காசு நிக்காதுன்னு உன் முன்னாடியே சொன்னேன். தப்பு எம்மேலதான் கண்ணு.

பிஎஃப் எடுத்திருந்தா எடுத்ததாவே இருக்கட்டும், எதுக்குன்னு கேக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்குப் பண்ணு.

அப்பா