மூன்றாவது கை

தர்மபுரி,
ஆடி மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது என்று எழுதியிருந்தாய். கடையில் எதையாவது வாங்கி அனுப்ப மனம் வரவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போல, தூத்துக்குடியில் இருக்கும் உனக்கு, கடல் வாடையே இல்லாத இந்த ஊரிலிருந்து ஒரு பேய்க்கணவாயைப் பின்னி அனுப்பப்போகிறேன். அந்தப் பெயரே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஆக்டோபஸ் என்று பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி.

விடுதியில் நாம் ஒயர் கூடை போட்டது நினைவிருக்கிறதா? உன் கூடையின் மூலைகள் எப்போதும் நேராக நிற்கும், என்னுடையது ஒருபக்கம் சாயும். குரோஷா அப்படியில்லை. ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரே நூல், ஒரு நேரத்தில் ஊசியில் ஒரே கண்ணி. தவறினால் நூலின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நூலும் அப்படியே திரும்பக் கிடைத்துவிடுகிறது.

வேலை உச்சந்தலையில் தொடங்குகிறது. நூலை விரலில் சுற்றி ஒரு வளையம் போட்டு, அதற்குள் ஆறு கண்ணிகள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. பிறகு 18, 24, 30, 36. சுற்றுகளை மூடாமல் நத்தை ஓடு போலச் சுருளாகவே போவதால், சுற்று எங்கே தொடங்கியது என்பதற்கு அடையாளமாக ஓர் ஊக்கைக் குத்தி வைத்துக்கொண்டேன். பிறகு எட்டுச் சுற்றுகள் கூட்டாமல் குறைக்காமல் 36. அந்தக் கட்டத்தில் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஒகேனக்கல்லில் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசல்தான்! கடல் பிராணி செய்யப் புறப்பட்டவளுக்குக் காவிரிதான் முதலில் வந்து நின்றது. அதன் பின் ஆறு ஆறாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசி ஆறு கண்ணிகளை நூலால் சுருக்கி மூட வேண்டும். உண்மைப் பிராணிக்கு வாய் இருப்பதும் அதே இடத்தில், எட்டுக் கைகளும் கூடும் நடுவில்தான். தலைக்கு மட்டும் 504 கண்ணிகள். கணக்கு வாத்தியாருக்கு ஓய்வு கொடுத்தாலும் எண்ணுவது நிற்கவில்லை, பார்.

மூடுவதற்குள் பஞ்சு அடைக்க வேண்டும். முதலில் பழைய தலையணையின் இலவம்பஞ்சை எடுத்தேன்; துவைத்தால் கட்டிதட்டும் என்று மருமகள் சொன்னதால் ஃபைபர் பஞ்சுக்கு மாறினேன். ஆசையில் அளவுக்கு மீறித் திணித்துவிட்டேன். கண்ணிகள் வாய் பிளந்து, நீல நூலுக்கு இடையே வெள்ளை எட்டிப் பார்த்தது. பாதிப் பஞ்சைப் பிடுங்கிய பிறகுதான் தலை தலையாயிற்று.

என்னை மயக்கியது கைகள்தான். நாற்பது கண்ணிச் சங்கிலி ஒன்று போட்டு, அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் பின்னிக்கொண்டு திரும்பினால், நாம் எதுவும் செய்யாமலே அது திருகிச் சுருண்டுகொள்கிறது. நீளம் அதேதான், கண்ணிகள் மட்டும் இருமடங்கு. தட்டையாகக் கிடக்க இடமில்லாமல் வளைகிறது. நம் பக்கத்து வயல்களில் பூக்கும் கோழிக்கொண்டைப் பூவின் ஓரம் மடிந்து மடிந்து இருப்பதும் இதே காரணத்தால்தான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்ற கணித அறிஞர், இப்படி ஓரம் போகப் போக மடிந்து மடிந்து விரியும் பரப்பை, கணக்கில் அதிபரவளையத் தளம் என்பதை, காகிதத்தில் செய்து காட்டினால் எளிதில் கிழிந்துவிடும் என்பதால் 1997இல் குரோஷாவில் பின்னிக் காட்டியிருக்கிறார். அதே முறையில் மார்கரெட், கிறிஸ்டின் என்ற வெர்த்தைம் சகோதரிகள் 2005இல் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் கோடு போட்ட எனக்கு இதைக் கையால் தொட்டுக் காட்டும் வழி இருந்தது அப்போது தெரியாமல் போயிற்று.

மாலைக்கு ஒரு கை என்று எட்டு மாலைகள், திண்ணையில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் நேரம் வரை. இப்போது எட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஐந்தாவது நல்ல மழை பெய்த அன்று போட்டது, தளர்ந்து நீண்டிருக்கிறது. மூன்றாவது, ஓய்வூதிய விஷயமாக ஓர் அலுவலகத்தில் அரைநாள் காத்திருந்துவிட்டு வந்த மாலையில் போட்டது. நூலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அதன் குட்டைச் சுருளில் அப்படியே தெரிகிறது. மற்ற கைகளைவிட இரண்டு விரற்கடை குறைவு. பிரித்து மறுபடி போட ஊசியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் இந்தப் பிராணியின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் கைகளில்தான் இருக்கின்றன என்றும், ஒவ்வொரு கையும் ஓரளவு தன் போக்கில் இயங்கும் என்றும் படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு கை கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணுக்குப் பிளாஸ்டிக் மணி வைக்கவில்லை. குழந்தை கடித்து விழுங்கிவிடும் என்ற பயம். கறுப்பு நூலால் தைத்திருக்கிறேன். கைகளையும் இரட்டை நூலால் தைத்திருக்கிறேன். இருந்தாலும் வந்ததும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடு.

ஒரு காரியம் செய். துறைமுகப் பக்கம் போகும்போது, வலையில் பேய்க்கணவாய் வந்திருந்தால் அதன் நிறத்தைக் கவனித்து எழுது. நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைத்த நீலத்தில் போட்டிருக்கிறேன். அதன் இரத்தம் நீலம் என்பது எனக்குச் சாதகமான சாட்சி என்றாலும், தோல் நிறத்துக்கு நான் பொறுப்பல்ல. வியாழக்கிழமை பார்சல் போடுகிறேன். மூன்றாவது கையைத் தேடிப் பிடித்துவிடுவாய், எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி