கதவை மெல்ல மூடுங்கள், நடு ஓட்டத்தை விட்டுவையுங்கள்

வன்னிக் குளங்களைப் பராமரிக்கும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களுக்கும், நன்னீர் மீன்பிடிச் சங்க நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்ததும் கனகராயன் ஆறு, பேராறு, பாலி ஆறு மூன்றிலும் ஒரே காட்சிதான். ஆவணி வரை வெறும் மணலாகக் கிடந்த படுகையில் செம்மண் தண்ணீர் வரும். பின்னாலேயே வலையும் பறியுமாகச் சனம் வரும். குளம் நிரம்பி, மிகுதி நீர் வழியும் வான் பாயத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் அப்படியே வான்கதவுக்குக் கீழே இடம்மாறும். தை பிறக்கும்வரை இந்தக் கதைதான். இந்தக் காலத்து மீன்பிடியை நிறுத்தும்படி நாங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் ஒருவரும் நிறுத்தப்போவதில்லை. கேட்பது இரண்டே விடயம். பொறியியலாளர்கள் கதவை மூடும் விதத்தை மாற்ற வேண்டும். சங்கங்கள் ஆற்றை மறிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் ஒரே மடலில் எழுதுகிறோம்.

முதலில் மீனைப் பார்ப்போம். கெண்டை வகைகளும் ஆற்றுவாளையும் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறுபவை. வெள்ளம் படர்ந்த புல்லிலும் வயலோரத்திலும் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும். விரால் அவ்வளவு தூரம் ஓடாது. ஒதுக்குப்புறத் தாவரங்களுக்கிடையே கூடு கட்டி, பொரித்த குஞ்சுகளைத் தாயும் தந்தையும் காவல் காக்கும். நீரின் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு அசைந்து, குமிழி விட்டால் அது விரால் குஞ்சுக் கூட்டம். கீழே பெரியது நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தூண்டிலும் அங்கேதான் விழும். பெரியதைத் தூக்கினால் அன்று மாலைக்குள் அந்தத் திட்டை மற்ற மீன்கள் தின்று முடித்துவிடும்.

கொடுவாவும் விலாங்கும் எதிர்மாறு. கொடுவா உவர்நீரில் முட்டையிட, அதன் குஞ்சு நன்னீர் தேடி ஏறும். நன்னீர் இறாலும் சினையோடு கீழே இறங்கித்தான் உவர்நீரில் பொரிக்கும். ஆகவே ஒரே கிழமையில் ஒரே ஓட்டத்தில் ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. ஆற்றைக் கரைக்குக் கரை மறிப்பவர் இரண்டையும் ஒரே நாளில் மறிக்கிறார்.

திலாப்பியாவுக்கு இந்தக் கவலை ஒன்றுமில்லை. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. முட்டையை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும், வெள்ளத்துக்குக் காத்திராது, ஆண்டு முழுவதும் பெருகும். பிடிக்கிற கை அரித்தால் அதைப் பிடியுங்கள்.

இனிக் கதவு. வானைத் திறக்கும்போது அறிவிப்பு வருகிறது. எத்தனை கதவு, எத்தனை அங்குலம் என்று வட்ஸ்அப்பிலும் ஓடுகிறது. மூடும்போது ஒரு சொல்லும் வருவதில்லை. மழை விட்டது, உள்வரவு குறைந்தது, உடனே கதவு இறங்கிவிடும். இரண்டு மணித்தியாலத்தில் கீழே இடுப்பளவு ஓடிய நீர் கணுக்காலுக்கு வரும். புல்லில் ஒட்டிய முட்டை வெயிலில் காயும். ஏறிக்கொண்டிருந்த மீன் கொங்கிறீற்றுத் தளத்தின் குழிகளில் அடைபடும். அதை அள்ளக் கடகத்தோடு பெடியள் இறங்குவார்கள். அதே மீனுக்கு முதலையும் இறங்கும்.

தண்ணீரைச் சேமிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது, சிறுபோகம் அதில்தான் தங்கியிருக்கிறது. அதனால் கணக்கோடு பேசுகிறோம். 20 அடி அகலக் கதவொன்று, 12 அடி நீரழுத்தம், 3 அங்குலத் திறப்பு என்று வையுங்கள். வழமையான சூத்திரப்படி வினாடிக்கு ஏறத்தாழ 83 கன அடி வெளியேறும். ஒரு நாள் முழுக்க விட்டாலும் சுமார் 165 ஏக்கர் அடி. 36 அடிக்கு நிரம்பிய இரணைமடுக் குளம் கொள்ளும் நீர் ஏறத்தாழ 120,000 ஏக்கர் அடி. ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது. ஆகவே 12 அங்குலத்திலிருந்து 6 க்கு ஒரே தடவையில் இறக்குங்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. 6 இலிருந்து 3 க்குப் பகலில் இறக்கி, அன்றிரவு அப்படியே விடுங்கள். கடைசி 3 அங்குலத்தை மறுநாள் அங்குலம் அங்குலமாக மூடுங்கள். வெதுவெதுப்பான நீரில் கெண்டை முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும் என்பதால் அந்த ஒரு நாள் பெரிது. சிறிய குளங்களில் இந்தச் சலுகை கட்டுப்படியாகாது. அங்கே பலகையை இரண்டு தடவையாகப் போட்டாலே போதும்.

திறக்கும் அறிவிப்பிலும் ஒரு குறை இருக்கிறது. "அரை அடி" என்று மட்டும் சொன்னால் கீழே நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. நான்கு கதவில் அரை அடியும் ஒரே கதவில் இரண்டடியும் ஏறத்தாழ ஒரே அளவு நீர்தான். ஆனால் ஒரே கதவால் பாய்ந்தால் நீர் ஒரு பக்கமாகச் சீறி, மறுபக்கம் பின்சுழி போடும். மீன் அந்தச் சுழியில் ஒதுங்குவதால் வலைக்காரரும் அங்கேயே நிற்பார்கள். அடுத்த கதவு திறந்ததும் சுழி இருந்த இடமே ஓட்டமாகும். நின்றவருக்குக் காலூன்ற நிலமிருக்காது. 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அத்தனை பெரிய வெள்ளம் வந்தால் சனம் தானாகவே விலகும். ஆளைக் கொண்டுபோவது அரை அடி வெள்ளம்தான். வானுக்குக் கீழே, கரையிலிருந்து தெரியும்படி அடி குறித்த அளவுத்தடி ஒன்றை நட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிவிடுங்கள். கதவு அசைவதற்கு 30 நிமிடம் முன்பு சங்கு ஊதட்டும். இருட்டியபின் திறக்க நேர்ந்தால் இரண்டு தடவை ஊதட்டும்.

சங்கங்களுக்கு எழுதுவதுதான் அதிகம்.

ஆற்றைக் குறுக்கே மறிக்கும் வேலி பற்றி. அலம்பலும் தடியும் நட்டு, இடையில் பறி வைக்கும் முறை பழையது, அதில் பிழையில்லை. பிழை, கரைக்குக் கரை அடைப்பதில் இருக்கிறது. ஓட்டம் அதிகமுள்ள நடுப்பகுதியில் ஆற்றின் மூன்றிலொரு பங்கையாவது திறந்து விடுங்கள். ஓரத்தை மட்டும் திறந்துவிட்டு "வழி விட்டோம்" என்று சொல்வது ஏமாற்று. நீர் தெளிந்ததும் மீன் நடுவில்தான் ஏறும். முழு அடைப்பு பிடிப்பவருக்கே நட்டம் என்பதும் உண்டு. முதல் வெள்ளம் வேலமுள்ளும் வைக்கோலும் வாழைத்தண்டும் சுமந்து வரும். வேலி ஒரு மணித்தியாலத்தில் சுவராகிவிடும், மேல்பக்கம் நீர் ஏறும், பிறகு வேலியும் பறியும் ஒன்றாகக் கடலுக்குப் போகும். நடு திறந்திருந்தால் குப்பை அதன் வழியே போய்விடும்.

அடுத்தது வலைக்கண். உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள்வலை தடை. சட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அளப்பதில்தான் சண்டை. காய்ந்த வலையில் ஒரு கண்ணை விரலால் இழுத்து அளந்தால் ஆளுக்கொரு கணக்கு வரும். வலையை நனைத்து, பத்துக் கண்ணைச் சேர்த்து முடிச்சுக்கு முடிச்சு நேராக இழுத்து அளவுநாடா வையுங்கள். 85 சென்ரிமீற்றர் வந்தால் வலை சரி. வலையின் மூன்று இடத்தில் அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் பெரிய கண்ணும் நடுவில் சின்னக் கண்ணும் கோத்த வலைகளும் உலாவுகின்றன. தங்கூசி வலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்: முள்ளில் சிக்கி அறுந்தால் உக்காது, ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

ஓடும் நீரில் செவுள்வலை போடுவதே பெரும்பாலும் வீண் வேலை. ஓட்டம் மிதப்பை அமிழ்த்திவிடும், வலை படுத்துவிடும், இலையும் சேறும் கண்ணை நிரப்பும். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்காமல் உயிர் வாழாது. அமிழ்ந்த வலையில் சிக்கியது நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்து, காலையில் எடுக்கும்போது செவுள் வெளிறி வயிறு ஊதிக் கிடக்கும். சந்தையில் உயிர் விராலுக்குள்ள விலையில் பாதிகூட அதற்குக் கிடைக்காது. போடத்தான் வேண்டுமென்றால் ஓட்டத்துக்குக் குறுக்கே போடாதீர்கள். கரையோரச் சொருகலில் ஓட்டத்துக்கு இணையாக, மேற்கயிறு நீர்மட்டத்தில் நிற்கும்படி போட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

வீச்சுவலைதான் இந்த நாட்களுக்கு ஏற்றது. பிடித்த மீனைப் பார்த்துத் திருப்பி விடலாம். நின்ற நீரில் எறிவதுபோல ஓட்டத்தில் எறிந்தால் வட்டமாகத்தான் விரியும். வலையோரத்து ஈய மணி அடியில் படிவதற்குள் நீர் அடித்து ஒரு பக்கத்தை மடித்துவிடும், மீன் அந்த இடைவெளியால் போகும். குறி வைத்த இடத்துக்கு ஒன்றிரண்டு முழம் மேலே எறியுங்கள். மணி கனமாக இருக்கட்டும். வலை படிந்ததும் உடனே இழுக்காமல் ஐந்து எண்ணி, கயிற்றை மெல்லத் தளர்த்தி இறுக்கி இழுங்கள். வானுக்குக் கீழே உடைந்த கொங்கிறீற்றில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். வலை அதில் மாட்டினால், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். கால் வழுக்கும்போது அதே கயிறு ஆளையும் சேர்த்து இழுக்கும். வலையை வெட்டிவிடுங்கள், அடுத்த மாதம் பொத்திக்கொள்ளலாம். இறங்குவதற்கு முன் தடியொன்றை ஓட்டத்தில் போட்டுப் பாருங்கள். பத்து மீற்றரைப் பத்துச் செக்கனுக்குள் கடந்தால் முழங்காலுக்கு மேல் இறங்கக்கூடாத நீர் அது.

முதல் வெள்ளம் வந்த நாளிலேயே மீன் நீரின் மேல் வாய் பிளந்து நின்றால், ஏற்றம் தொடங்கிவிட்டது என்று நினைத்து அள்ளாதீர்கள். கோடையில் விழுந்த சருகு ஊறி, அழுகி, ஒட்சிசனைத் தின்ற கறுப்பு நீர் அது. விதைப்பு வயலில் அடித்த களைநாசினியும் கலந்திருக்கலாம். உண்மையான ஏற்றம், நீர் செம்மையிலிருந்து தேநீர் நிறத்துக்குத் திரும்பி, மட்டம் ஒரு சாண் இறங்கும்போது தெரியும். சினை நிரம்பிய மீன்களும் அப்போதுதான் கண்ணில் படும். வயிறு உப்பி, லேசாக அழுத்தினாலே முட்டை வரும் மீனைச் சங்கம் வாங்காது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். காவல் போடுவதைவிட அது வேலை செய்யும்.

குஞ்சு விடும் காலமும் மாற வேண்டும். ரோகு, கட்லா குளத்தில் பெருகுவதில்லை, நெக்டா எனப்படும் அரச நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை தரும் குஞ்சிலிருந்துதான் வளர்கின்றன. புரட்டாதியில் விட்டு, கார்த்திகையில் வான் பாய்ந்தால் அவை ஆற்றோடு போய்விடும். அதைத் தடுக்க வானின் குறுக்கே கம்பிவலை கட்டும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள். குப்பை அடைத்தால் குளத்தின் மட்டம் ஏறி, கட்டுக்கே ஆபத்து. கமக்காரர் அமைப்புகள் கோபப்படுவது நியாயம்தான். வான் நின்றபின், தை, மாசியில் குஞ்சு விடக் கேளுங்கள்.

நந்திக்கடல் களப்பு கடலோடு சேரும் வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டுவது தனி வழக்கு, ஒரு பந்திக்குள் அடங்காது. வயல்காரர் முந்தி வெட்டக் கேட்பார், களப்பில் இறால் பிடிப்பவர் பிந்தி வெட்டக் கேட்பார். பேராற்றில் நன்னீர் இறங்கும் நாளும் முகத்துவாரம் திறந்திருக்கும் நாளும் ஒன்றாக வந்தால்தான் கொடுவாக் குஞ்சு ஏறும் என்பதை மட்டும் அந்தக் கூட்டத்தில் யாராவது சொல்லிவையுங்கள்.

காலபோகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் விடும் திகதியும் வாய்க்கால் துப்புரவும் பேசப்படுகின்றன. இந்த முறை மூன்றாவது விடயமாகக் கதவு மூடும் ஒழுங்கையும் சேர்த்து, சங்கத்திலிருந்து ஒருவருக்கு ஒரு கதிரை போடுங்கள். அளவுநாடாவையும் நனைந்த வலையையும் அவர் கொண்டுவருவார்.

இப்படிக்கு,
ஆற்றோரத்து மீன்பிடியாளர்கள்