இரண்டாம் பாட்டு முடிந்ததும் பிள்ளைகளை ஏன் வெளியே அனுப்புகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செய்தித்தாள்களில் ஒரு படம் தவறாமல் வரும். வெள்ளை உடையும் அட்டைச் சிறகுமாக நாலைந்து பிள்ளைகள் ஆலயத்தில் வரிசையாக நிற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், நானும் அந்தப் படங்களை வெட்டி வைக்கிறவள்தான். ஆனால் வருஷத்துக்கு 52 ஞாயிறு இருக்கிறதே, மற்ற ஞாயிறுகளில் அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். ஏனென்றால் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளியின் ஆசிரியையாகப் பல வருஷமாக அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போகிறவளே நான்தான்.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் "பிள்ளைகள் இப்போது தங்கள் வகுப்புக்குப் போகலாம்" என்று அறிவிப்பு வரும். பக்கவாட்டுக் கதவு வழியாக வரிசையாக வெளியே வருவோம். வேத வாசிப்பு, மன்றாட்டு, பிரசங்கம், அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து எல்லாம் அந்தக் கதவைச் சாத்திய பிறகு நடப்பவை. ஒரு ஞாயிறு அப்படி வெளியே வந்துகொண்டிருக்கும்போது ஏழு வயதுப் பையன் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நாம வந்தப்புறம் உள்ள என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன், ஆனால் அன்றைக்கு வகுப்பு எடுக்கவே ஓடவில்லை. மூன்று வயதிலிருந்து ஒரு ஞாயிறுகூட விடாமல் வருகிறவன் அவன், ஒரே ஒரு ஆராதனையைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைப் பற்றிச் சொல்லும்போது, "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது இப்படிப் பதில் சொல்லுங்கள் என்று வருகிறது. அதைக் கேட்க வேண்டுமென்றால் பிள்ளை அங்கே இருந்து கண்ணால் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பையனோ, கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்றுதான் கேட்க முடிந்தது.

வேதத்தில் ஜனங்களைக் கூட்டிச் சேர்க்கும் இடங்களைப் பார்த்தால் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்ததாகத் தெரியவில்லை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நியாயப்பிரமாணத்தை எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும் என்று மோசே சொல்லும்போது புருஷர், ஸ்திரீகளோடு பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறார் (உபாகமம் 31:12). யோவேல் தீர்க்கதரிசி உபவாசக் கூட்டத்துக்குப் பால் குடிக்கிற குழந்தைகளையும் கூட்டிவரச் சொல்கிறார், அதுவும் அழுது மன்றாடுகிற கூட்டம். எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, பிரதிஷ்டை பண்ணின அன்று பிள்ளைகளும் களிகூர்ந்தார்கள், அந்தச் சத்தம் தூரத்திலே கேட்டது என்று நெகேமியா எழுதிவைத்திருக்கிறார். பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபம் சபையில் உரக்க வாசிக்கப்படுவதற்காக எழுதியது, அதில் ஆறாம் அதிகாரத்தில் "பிள்ளைகளே" என்று நேராகக் கூப்பிட்டுப் பேசுகிறார். பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால் யாரைக் கூப்பிட்டார்?

ஓய்வுநாள் பள்ளியை மூடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது என் உயிர். ஆனால் அது ஆராதனைக்கு மாற்றாக வந்தது அல்ல. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் அதைத் தொடங்கிய ராபர்ட் ரெய்க்ஸ் ஒரு பத்திரிகைக்காரர், குளோஸ்டர் ஜர்னல் என்ற பத்திரிகையை நடத்தியவர், அதாவது உங்கள் தொழில்காரர். வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு, வேலையில்லாத அந்த ஒரு நாளில் எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அவர் எழுதியபடி பிள்ளைகள் காலை பத்து மணிக்கு மேல் வந்து பன்னிரண்டு வரை படிப்பார்கள், வீட்டுக்குப் போய் ஒரு மணிக்குத் திரும்பி வந்து ஒரு பாடம் வாசிப்பார்கள், அப்புறம் அவர்களை ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆராதனை முடிந்து திரும்பவும் வகுப்பு. நாம்தான் பின்னால் வந்து இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகள் எதாவது ஒன்றுக்குத்தான் போக முடியும் என்று ஆக்கிவிட்டோம். அப்புறம் பதினைந்து வயதானதும் "இனி வகுப்பு இல்லை, ஆராதனைக்கு வா" என்கிறோம். அவனுக்கு அது பழகாத வீடு. வாலிபர்கள் சபைக்கு வருவதில்லை என்று கமிட்டியில் வருத்தப்படுகிறோம்.

சரி, உள்ளே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லும் சபைகளும் உண்டு, அங்கே நான் பார்த்து வருத்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு உட்காரவைத்து, ஐந்து நிமிஷம் கதை சொல்லி, ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு சிறுவன் கையைத் தூக்கி மனசார ஒரு பதில் சொன்னான். அந்தப் பதில் பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது, ஆலயமே சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் அவன் முகம் சிவந்துபோய், தூக்கின கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் கை தூக்கி நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வைக்கும் பிள்ளைகள் ஞாயிறும் பெரும்பாலும் இப்படித்தான், பெற்றோர் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் ஆடிப் பாடிவிட்டு இறங்குவார்கள். ஆராதிக்க வந்த பிள்ளையைப் பார்த்து ரசிக்கிற பொருளாக்கிவிடுகிறோம்.

எங்கள் சபையில் போன வருஷம் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். பல வருஷமாக வேதபாடம் வாசிக்கிற ஒரு தாத்தா, ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு வாசிக்கப் பழக்கினார். பகுதி தானியேல் மூன்றாம் அதிகாரம். ஒரு வாரம் தினமும் பழக்கம், எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்த வரியில் நிதானிக்க வேண்டும் என்று பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தார். ஞாயிறு அன்று வாசிப்பு மேடை அவளுக்கு உயரம் என்று ஒரு முக்காலி போட்டோம், மைக்கைத் தாழ்த்தினோம். முதல் வரியிலேயே நேபுகாத்நேச்சார் என்ற ராஜாவின் பெயரில் தடுக்கி நின்றாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. தாத்தா முதல் வரிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். விரலை அந்தப் பெயரின் கீழே வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொன்னாள். அந்த அதிகாரத்தில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும், பாதி தாண்டுவதற்குள் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ எல்லாம் அவள் வாயில் தண்ணீராக ஓடியது. அன்றைக்கு ஆலயம் வேத வாசிப்பைக் கேட்டது போல நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். முடிந்ததும் சிலர் கைதட்டப் போனார்கள், போதகர் கையமர்த்திவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். பெரியவர்கள் வாசித்தால் கைதட்டுகிறோமா? அவள் வாசித்தது சபைக்கான வாசிப்பு, திறமைக் காட்சி அல்ல. அதை அவளும் புரிந்துகொண்டாள் என்று அவள் இறங்கி வந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற யாத்திரைப் பெண், மாலை ஆராதனையில் மன்றாட்டுக்காக ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும்போது நின்றுகொண்டிருந்த ஏராளமான சிறு பிள்ளைகள் "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று பதில் சொன்னதை எழுதியிருக்கிறார். இதற்குப் புத்தகம் வேண்டாம், பயிற்சி வேண்டாம். பரமண்டல ஜெபத்தை நாலு வயதுப் பிள்ளை படித்துக் கற்றுக்கொள்வதில்லை, வாரா வாரம் பக்கத்தில் நிற்கிற பெரியவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறது. மாறாமல் வருகிற ஜெபங்கள் பிள்ளைக்குச் சலிப்பு என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் அவர்கள் முதலில் பிடித்துக்கொள்வதே அவற்றைத்தான்.

சத்தம் போடுவார்களே என்பீர்கள். போடுவார்கள். ஒரு சபையில் இரண்டு வயதுக் குழந்தை சிணுங்கியபோது முன்வரிசைக்காரர் ஒருவர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். அந்தத் தாய் எழுந்து வெளியே போய், ஆசீர்வாதம் முடியும்வரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. துக்கத்தோடு, ஒரு மணி நேர அமைதிக்காக வருகிறவர்களும் இருக்கிறார்கள், காது மந்தமான பெரியவர்கள் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவர்களுக்காக ஒரு காலை ஆராதனையை அமைதியாக வைத்துக்கொள்ளலாம். குழந்தை அழுதால் தாய் போய் உட்கார உள்ளேயே, எல்லாம் கண்ணில் படும்படி ஒரு மூலையை ஒதுக்கலாம். பிள்ளைகளைப் பின்வரிசையில் போடாதீர்கள், அங்கே அவர்களுக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்கள் முதுகு. முன்னால் உட்காரவைத்தால் பாதி சத்தம் தானாகக் குறையும், நான் பார்த்திருக்கிறேன். சீஷர்களும் இயேசுவுக்குத் தொந்தரவு வேண்டாம் என்றுதான் பிள்ளைகளைத் தடுத்திருப்பார்கள். மாற்கு எழுதுகிறார், இயேசு அதைக் கண்டு விசனமடைந்தார் என்று.

அந்த ஏழு வயதுப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. வகுப்பை ஆராதனைக்கு முன்னால் வைத்துக்கொள்கிறோம். முதல் தடவை அவன் முன்பெஞ்சின் கைப்பிடியில் தாடையை வைத்துக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். போதகர் அப்பத்தை எடுத்துப் பிட்டபோது, "ஏன் உடைக்கிறாங்க?" என்று கேட்டான், அந்த அமைதியில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டது. நான் பதறிப்போனேன். போதகர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவன் பக்கம் திரும்பி, இயேசு தம் சரீரத்தை நமக்காகக் கொடுத்தார், ஒரே அப்பம் எல்லாருக்கும் பங்கு வர வேண்டும், அதனால் பிட்கிறோம் என்று அவனுக்குச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற போதகர்களையும் சபைக் கமிட்டியாரையும் கேட்டுக்கொள்கிறேன். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறாவது அந்த இரண்டாம் பாட்டுக்குப் பிறகு வருகிற அறிவிப்பை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்