கல் முந்தியா, வெடி முந்தியா?

பழைய விசாரணைக் கோப்புகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கும், ஜனவரி பிறந்தால் மாலையோடு எங்கள் பக்கம் வந்துபோகும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நான் ஹேவாஹெட்ட பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். முல்லோயா தோட்டத்துக் கோவிந்தன் யார் என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. 1940 ஜனவரி 10, வேலைநிறுத்தம், பொலிஸ் துப்பாக்கி, தோட்டத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் பலி. இவ்வளவையும் நீங்களே வருசா வருசம் ஒலிபெருக்கியில் சொல்கிறீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதுதான் எனக்குப் பிரச்சினை.

இந்த வருச நினைவுக் கூட்டத்தில் ஒரே மேடையில் மூன்று பேர் பேசினார்கள். முதலாமவர், சனம் கல்லெறிந்தது, அதற்குப் பிறகு பொலிஸ் சுட்டது, ஆனாலும் அநியாயம் என்றார். இரண்டாமவர் கணக்கில் கல்லே விழவில்லை, சும்மா நின்ற மனிதனைச் சுட்டார்கள். மூன்றாமவர் வெடிச் சத்தம் கேட்ட பிறகுதான் சனம் கல்லைக் கையில் எடுத்தது என்றார். மூவருக்கும் ஒரே அளவு கைதட்டல். முதல்நாள் நடந்த பேச்சுப் போட்டியில் என் மாணவி ஒருத்தி, தன் வீட்டில் கேட்டபடி, வெடிதான் முந்தி என்று பேசினாள். "தகவல் பிழை" என்று ஐந்து புள்ளி வெட்டப்பட்டது. வெட்டிய நடுவர், மேடையில் முதலாவதாகப் பேசியவர்.

சரி, புள்ளி போகட்டும். அந்தப் பிள்ளை மறுநாள் வந்து, "சேர், அப்ப உண்மையா என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டாள். இருபது வருசம் சோக்குக்கட்டி பிடித்த எனக்குப் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டாலும் அதற்கான சாட்சியங்கள் உங்கள் அலுமாரியில் இருக்கின்றன. ஏனென்றால் அந்தச் சூடு பற்றி ஒரு விசாரணை ஆணைக்குழுவே இருந்தது. சாட்சிகள் வந்தார்கள், சொன்னார்கள். கோவிந்தனின் மனைவிக்காக இடதுசாரித் தலைவரும் வழக்கறிஞருமான கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகிக் குறுக்கு விசாரணை செய்தார்.

அந்தச் சாட்சியங்கள் முழுவதையும், பொலிஸ் சொன்னதையும் சேர்த்து, தமிழில் எங்களுக்குத் தாருங்கள். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

கண்ணால் கண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு சண்டை நடந்தாலே நாலு அறையில் நாலு கதை. வெடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தவனுக்கு வெடிக்குப் பிறகு நடந்தது மட்டுமே தெரியும். அவன் பொய் சொல்லவில்லை, தாமதமாகத் திரும்பியிருக்கிறான், அவ்வளவுதான். அது போக, 1940இல் தோட்டத் துரைக்குப் பிடிக்காத சாட்சி சொன்னவன் வேலைநீக்கப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு லயத்தைவிட்டுப் போக வேண்டி வரலாம். பொலிஸ்காரருக்கும் வேலை இருக்கிறது, அவர் தன் உயிருக்கு ஆபத்து வந்ததாகத்தான் சொல்லுவார். யார் எங்கே நின்றார், யாருக்கு யாரிடம் பயம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே ஏதாவது விளங்கும்? நீங்கள் மேடையில் ஒன்றை மட்டும் எடுத்து வாசிக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சனம் பேசியது தமிழில், எழுதப்பட்டது ஆங்கிலத்தில். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து மலையிலிருந்து நேராக வருகிறவன் கையில் கவ்வாத்துக் கத்தி இருக்கும். அது அவன் பேனை. தோட்டம் தெரியாத எழுதுவினைஞர் அதை "ஆயுதத்தோடு வந்தான்" என்று எழுதினால் ஆள் மாறிவிடுகிறான். "கை ஓங்கினான்" என்பதற்கும் "அடித்தான்" என்பதற்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கிறது. இப்படி எங்கேயாவது வழுக்கியிருக்கிறதா என்று பார்க்கக்கூட எங்களுக்கு அந்தத் தாள்கள் வேண்டும்.

நான் கேட்காமல் இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் விடியற்காலை பஸ் பிடித்து, கண்டியில் மாறி, கொழும்புக்குப் போய், ஓர் அரச அலுவலகத்தின் கவுண்டரில் நின்றேன். என்னோடு எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவரும் வந்தார், எண்பது தாண்டியவர். அவருடைய அப்பா அந்த விசாரணையில் சாட்சி சொன்னவராம். "நான் ஒண்ணு சொன்னேன், அவங்க ஒண்ணு எழுதுனாங்க" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா சொன்னதைக் கேட்கத்தான் மகன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரொட்டியும் கட்டச் சம்பலும் பொட்டலம் கட்டிக்கொண்டு, அவ்வளவு தூரம் வந்தார்.

தமிழ் தெரிந்தவர் அன்று லீவு. விண்ணப்பத்தை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரச் சொன்னார்கள், எழுதினேன். கோப்பு இலக்கம் கேட்டார்கள். கோப்பைப் பார்த்தால்தானே இலக்கம் தெரியும் என்றேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை, சிரித்தது, ஆனால் அதன் கையிலும் ஒன்றுமில்லை. மத்தியானம் கழிந்து மூன்று மணியானதும் "தேடிப் பார்த்துத் தபாலில் அறிவிப்போம்" என்றார்கள். பெரியவர் அவ்வளவு நேரமும் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அங்கே சாப்பிடலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையாம். வெளியே வந்ததும் கேட்ட ஒரே கேள்வி: "எங்க அப்பா பேசுனது உள்ளதான் இருக்கா மாஸ்டர்?"

தபால் இன்னும் வரவில்லை. ஒருவேளை வந்தும் இருக்கலாம். லயத்துக்குத்தான் விலாசம் கிடையாதே, கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கைக்கோ போய், மழையில் நனைந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்த பிள்ளைகள் எங்களிடம் நிறைய உண்டு. எங்கள் சனம் இந்தியாவிலிருந்து இங்கே வந்த இருநூறு வருச நினைவாக, மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தோம். இருநூறு வருசம் கழிந்தும் ஒரு கதவிலக்கம் வரவில்லை. இது வேறு கதை, மன்னிக்கவும்.

தலைவர்மார்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. அந்த ஒரு வெடி கொழும்பையே ஆட்டியது. வேலைநிறுத்தக்காரர் மேலான வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மாஅதிபரிடம் சொல்ல, ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் பக்கம் நிற்க, அமைச்சர்கள் இராஜினாமா செய்யும் அளவுக்குப் போனது. ஒரு கூலியாளின் சாவுக்காக அமைச்சரவை ஆடிய நாடு இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் பாராளுமன்றத்தில் இருந்த இத்தனை வருசத்தில் அந்தச் சாட்சியங்களை ஒருமுறை சபையில் கேட்டிருக்கலாம். மே 11 வந்தால் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணனுக்கும் இதே மாலை, இதே மூன்று கதை. 1977இல் பொலிஸ் அவரைச் சுட்டதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கலாம். அவர்களிடமாவது ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோய் உட்கார்ந்தீர்களா? மாலைக்குச் செலவழித்ததில் கால்வாசி போதும்.

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகளே, தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி 1987இலிருந்து இத்தனை காலம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் முறையாக விண்ணப்பமும் போட்டிருக்கிறேன். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை, கேட்கிறேன். ஆணைக்குழு முன்னால் சொல்லப்பட்ட சாட்சியங்களை முழுதாகத் தமிழில் தாருங்கள். ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் முரணாகவே இருக்கட்டும், திருத்த வேண்டாம், சுருக்க வேண்டாம். எது முந்தி என்று எங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளே வகுப்பில் வாசித்துச் சண்டை பிடித்துக்கொள்ளட்டும்.

பெரியவர் பஸ் நிலையத்தில் என்னைக் காணும்போதெல்லாம் "கடுதாசி வந்துச்சா?" என்கிறார். இந்த மடலை எழுதப்போவதாகச் சொன்னதும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அவருக்குக் கண்புரை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அடித்துத் தர முடியுமா?

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியன் ஒருவன்,
ஹேவாஹெட்ட